ஆயுதப்படைத் தளபதி: யார் அவர், அவருடைய அதிகாரம் எதுவரை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும் கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்சிலும் மேற்கல்வி வழிகாட்டிக் கூட்டங்கள் களைகட்டிவிடும். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று பேச்சு போய்க்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து இராணுவத்தைப் பற்றிக் கேட்பார். உடனே பெற்றோர் பக்கம் சலசலப்பு எழும். "அங்கே நம் பிள்ளை எதுவரை போக முடியும்?" என்று ஒருவர் கேட்பார். "மேலே இருப்பவர் யார், அவர் சொன்னால் எதுவும் நடக்குமா?" என்று இன்னொருவர் கேட்பார். அப்படிக் காதில் விழுந்த கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நம் வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மலேசியாவின் ஆக உயர்ந்த இராணுவ அதிகாரி யார்?

ஆயுதப்படைத் தளபதி. மலாயில் பங்லிமா அங்காத்தான் தெந்தெரா. தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை மூன்றும் அவருடைய தலைமையில் இயங்குகின்றன. பெரும்பாலான அமைச்சுகள் புத்ராஜெயாவுக்குக் குடிபெயர்ந்துவிட்ட பிறகும் தற்காப்பு அமைச்சு கோலாலம்பூரில், ஜாலான் பாடாங் தெம்பாக்கிலேயே இருக்கிறது. நாட்டின் படைகள் அனைத்துக்குமான தலைமை அங்கேதான்.

மாமன்னர்தானே படைகளின் தலைவர்?

ஆம். கூட்டரசு அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு மாமன்னரை ஆயுதப்படைகளின் உச்சத் தலைவராக்குகிறது. முப்படைகளிலும் ஐந்து நட்சத்திரப் பதவி அவருக்கு மட்டுமே உரியது. படை அணிவகுப்பில் மரியாதையை ஏற்பவரும் அவரே. ஆனால் நாள்தோறும் படையை நடத்துவது அவருடைய வேலையன்று. அரசியலமைப்பின் 40ஆம் பிரிவின்படி மாமன்னர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனையை ஏற்றே செயல்பட வேண்டும். படைவீரனின் விசுவாசம் அரியணைக்கு, முடிவெடுக்கும் பொறுப்பு மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கத்துக்கு, செய்து முடிக்கும் பொறுப்பு தளபதிக்கு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

தரைப்படைத் தளபதிக்கும் ஆயுதப்படைத் தளபதிக்கும் என்ன வேறுபாடு?

தோளில் உள்ள நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆயுதப்படைத் தளபதிக்கும் நான்கு நட்சத்திரம், தரைப்படை, கடற்படை, ஆகாயப்படைத் தளபதிகளுக்கும் நான்கு நட்சத்திரம். பதவிதான் அவரை மற்ற மூவருக்கும் மேலே வைக்கிறது. தரைப்படைத் தளபதி தம் வீரர்களுக்குப் பயிற்சியளித்து, ஆயுதம் கொடுத்து, அவர்களைத் தயார்நிலையில் வைத்திருக்கிறார். மூன்று படைகளும் சேர்ந்து ஓரிடத்தில் இறங்க வேண்டியிருந்தால் அதற்கான கட்டளை ஆயுதப்படைத் தளபதியிடமிருந்து வருகிறது. குவாந்தானில் உள்ள கூட்டுப்படைத் தலைமையகம் அத்தகைய நடவடிக்கைகளுக்காகவே அமைந்தது.

போருக்கு உத்தரவிடுவது அவரா?

இல்லை. தளபதி தாமாக எந்தப் போரையும் தொடங்க முடியாது. 2013ஆம் ஆண்டு லஹாட் டத்துவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் தென் பிலிப்பைன்சிலிருந்து சூலு சுல்தானின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் சபாவின் தண்டுவோ கிராமத்தில் வந்து இறங்கியது. முதல் சில வாரங்கள் போலீஸ்தான் முன்னணியில் நின்றது. சுற்றி வளைத்தார்கள், பேச்சு நடத்தினார்கள், திரும்பிப் போகச் சொன்னார்கள். மார்ச் தொடக்கத்தில் நம் போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நிலைமை மாறியது. மார்ச் 5ஆம் தேதி காலை ஆகாயப்படையின் போர் விமானங்கள் குண்டு வீசின; பின்னாலேயே தரைப்படையும் போலீசும் உள்ளே நுழைந்தன. அதுதான் ஓப்ஸ் டவுலாட் எனப்பட்ட நடவடிக்கை.

அங்கே படையை இறக்குவது என்ற முடிவு அரசாங்கத்துடையது. எந்த விமானம், எத்தனை வீரர்கள், எந்தத் திசையிலிருந்து, போலீசுடன் எப்படி ஒருங்கிணைவது, கிராம மக்களை எங்கே கொண்டுபோவது என்பவையெல்லாம் படைத்தலைமையின் பொறுப்பு. "செய்" என்று சொல்ல அரைநிமிடம் போதும். உயிர்ச்சேதம் குறைவாக இருக்கும்படி அதைச் செய்து முடிக்க ஒருவருக்கு முப்பது ஆண்டு அனுபவம் வேண்டியிருக்கிறது.

தேசியப் பாதுகாப்பு மன்றத்தில் அவருக்கு இடம் உண்டா?

உண்டு. 2016ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்பு மன்றச் சட்டப்படி பிரதமர் அதன் தலைவர். தற்காப்பு, உள்துறை போன்ற முக்கிய அமைச்சர்கள், அரசாங்கத் தலைமைச் செயலாளர், தேசியப் போலீஸ் படைத் தலைவர் ஆகியோருடன் ஆயுதப்படைத் தளபதியும் அதில் உறுப்பினர்.

ஆயுதப்படை மன்றம் என்று ஒன்றும் இருக்கிறதே, அது என்ன செய்கிறது?

அரசியலமைப்பின் 137ஆம் பிரிவில் வருகிறது அது. படையின் தலைமை, கட்டொழுங்கு, நிர்வாகம் ஆகியவை அந்த மன்றத்தின் பொறுப்பு. தற்காப்பு அமைச்சர் தலைமை வகிக்கிறார். மலாய் ஆட்சியாளர்களின் சார்பில் ஒருவர், மாமன்னர் நியமித்த ஆயுதப்படைத் தளபதி, அமைச்சின் தலைமைச் செயலாளர், முப்படைகளின் மூத்த அதிகாரிகள் ஆகியோர் உறுப்பினர்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. படையைக் களத்தில் பயன்படுத்தும் விவகாரத்தை அந்தப் பிரிவு மன்றத்தின் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. போர்க்களத்தில் குழு கூடி வாக்கெடுக்க முடியாது. அங்கே கட்டளை ஒரே கோட்டில் வந்தாக வேண்டும். நிர்வாகத்தைப் பலர் கையிலும் களக் கட்டளையை ஒருவர் கையிலும் கொடுத்திருப்பது மிகுந்த முன்யோசனையுடன் செய்யப்பட்ட ஏற்பாடு என்று கருதுகிறேன்.

அரசாங்கம் தவறான முடிவெடுத்தால் தளபதி என்ன செய்ய வேண்டும்?

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கேள்வி இதுதான். என்னைக் கேட்டால் ஒரு தளபதியின் தரத்தை அணிவகுப்பு மைதானத்தில் அளக்க முடியாது. கதவு மூடிய அறைக்குள் அமைச்சரின் முகத்தைப் பார்த்து, "இது நடக்காது, காரணம் இது" என்று சொல்லும் துணிவு அவருக்கு இருக்கிறதா என்பதே அளவுகோல். சொல்லிவிட்ட பிறகும் அரசாங்கம் தன் முடிவில் உறுதியாக இருந்தால், அது சட்டத்துக்கு உட்பட்ட முடிவாக இருக்கும்வரை, அவர் அதை முழுமனதோடு நிறைவேற்ற வேண்டும். மனசாட்சி இடம் கொடுக்காவிட்டால் பதவி விலகலாம். வெளியே வந்து பத்திரிகையாளர்களிடம் அரசாங்கத்தைக் குறைசொல்லிக்கொண்டே அதே நாற்காலியில் அமர்ந்திருப்பது மட்டும் கூடாது.

அமெரிக்காவில் ஜெனரல் மக்ஆர்தர் இந்தக் கோட்டைத் தாண்டினார். இரண்டாம் உலகப் போரின் மாபெரும் வீரர் அவர். கொரியப் போர்க் கொள்கை குறித்து அதிபர் ட்ரூமனோடு பகிரங்கமாக முரண்பட்டார். 1951 ஏப்ரலில் ட்ரூமன் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். மக்கள் ஆதரவு ஜெனரலின் பக்கம் அலையாகத் திரண்டிருந்தும் அதிபர் பின்வாங்கவில்லை. ட்ரூமன் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. அறிவுரை சொல்லப்பட்டும் கேட்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கண்ணெதிரே சான்று இருக்கிறது. கடற்படைக்கு ஆறு கரையோரப் போர்க்கப்பல்கள் கட்டும் திட்டத்தைப் பற்றி நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. சுமார் 900 கோடி ரிங்கிட் திட்டம் அது. 600 கோடிக்கு மேல் செலுத்தப்பட்டிருந்தும் அப்போது ஒரு கப்பல்கூட ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. கடற்படை விரும்பியது டச்சு வடிவமைப்பை. தேர்ந்தெடுக்கப்பட்டதோ பிரெஞ்சு வடிவமைப்பு. வடிவமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டபோது கடற்படைத் தளபதியாக இருந்த அப்துல் அஜிஸ் ஜாஃபார் தம் எதிர்ப்பைக் கடிதங்களாகவே எழுதி அனுப்பியிருந்தார் என்பதும் வெளியே வந்தது. எழுத்தில் வைத்ததால்தான் பிற்பாடு நாடாளுமன்றம் கேட்டபோது உண்மை நிலைத்தது. கடலில் காவல் நிற்க வேண்டிய கப்பல் கட்டுதளத்திலேயே துருவேறும்போது அதன் விலையை நாம் எல்லாரும்தான் கொடுக்கிறோம்.

இங்கே இராணுவ ஆட்சி வர வாய்ப்புண்டா?

அண்டை நாடுகளான தாய்லாந்திலும் மியன்மாரிலும் நடந்ததைப் பார்த்துப் பலர் இப்படிக் கேட்கிறார்கள். மலேசியாவில் இதுவரை அப்படி நடந்ததில்லை. ஆனால் படைத்தளபதி ஆட்சி மேசையில் அமர்ந்த காலம் ஒன்று உண்டு.

1969 மே 13 இனக்கலவரத்தை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் மாகெரான் எனப்படும் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. அதில் அரசியல்வாதிகளோடு படைகளின் தலைவர் ஜெனரல் துங்கு ஒஸ்மானும் போலீஸ் படைத் தலைவர் முகமது சாலேவும் உறுப்பினர்கள். அதே மன்றத்தில் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர், நம் துன் வீ. தி. சம்பந்தனும் இருந்தார். ஊரடங்கு நடப்பில் இருந்த கோலாலம்பூரில் துப்பாக்கி ஏந்திய வீரர்கள் தெருமுனையில் நின்றார்கள். அன்று தலைமைப் பொறுப்பு ஒரு தளபதியின் கைக்குப் போயிருக்குமானால் அதை மீட்டெடுக்க எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ தெரியாது. போகவில்லை. தலைமை அரசியல் தலைவரிடமே இருந்தது. 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது, படை தன் வேலைக்குத் திரும்பியது. அந்தக் காலத்தைப் பற்றி விமர்சிக்க எவ்வளவோ இருக்கிறது. படை மட்டும் தன் எல்லையைத் தாண்டவில்லை.

கோவிட் காலத்தில் மஸ்ஜித் இந்தியாவில் இராணுவம் நின்றதே, அது யாருடைய உத்தரவு?

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அமல்படுத்த 2020 மார்ச் 22ஆம் தேதி முதல் இராணுவம் போலீசுக்குத் துணையாக இறங்கியது. ஏப்ரல் தொடக்கத்தில் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் உள்ள சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்களைச் சுற்றி முள்கம்பி போடப்பட்டது. நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் தொழிலாளர்களும் நெருக்கமாக வாழும் இடம் அது. கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிக் கிடக்க, கம்பிக்கு இந்தப் பக்கம் வீரர், அந்தப் பக்கம் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் குடும்பங்கள். பார்த்தவர்களுக்கு இராணுவ ஆட்சி வந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது இயல்பே.

ஆனால் சட்டப்படி அங்கே முன்னின்றவை சுகாதார அமைச்சும் போலீசும். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமே அடிப்படை. வீரர்கள் உதவிக்கு வந்தவர்கள். ஆயுதப்படைத் தளபதி ஆட்களை அனுப்பிவைத்தார். எந்தத் தெருவை மூடுவது, எப்போது திறப்பது என்பதை முடிவு செய்தது அரசாங்கம்.

தேசியப் போலீஸ் படைத் தலைவருக்கு அவர் கட்டளையிடலாமா?

கூடாது. போலீஸ் உள்துறை அமைச்சின் கீழ் வருகிறது. இருவரும் ஒரே மேசையில் அமர்கிறார்கள், ஆனால் ஒருவர் மற்றவருக்கு அதிகாரி அல்லர்.

ஜொகூர் இராணுவமும் அவர் கீழ்தானா?

இல்லை. சொந்தப் படை வைத்திருக்கும் ஒரே மாநிலம் ஜொகூர். 1886இல் தொடங்கப்பட்ட அந்தப் படை ஜொகூர் சுல்தானுக்குக் கட்டுப்பட்டது.

பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியர்கள் இருக்கிறார்களே?

மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகள் 1971இல் செய்துகொண்ட தற்காப்பு ஏற்பாட்டின் பலன் அது. அதன் கூட்டு வட்டாரத் தலைமையகம் பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஓர் ஆஸ்திரேலிய அதிகாரியின் தலைமையில் இயங்குகிறது. தளமே 1988 முதல் நம் ஆகாயப்படையின் பொறுப்பில் இருக்கிறது. மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ தாக்குதல் வந்தால் ஐந்து நாடுகளும் கலந்தாலோசிக்கும் என்பதே ஒப்பந்தம். நம் தளபதியின் அதிகாரத்தை அது குறைப்பதில்லை.

இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதி பதவியும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. இந்தியாவில் அந்தப் பதவி மிக அண்மையில் வந்தது. அந்தப் பதவியின் முதல் தளபதியாக ஜெனரல் பிபின் ராவத் 2020 ஜனவரி 1ஆம் தேதி பொறுப்பேற்றார். 2021 டிசம்பர் 8ஆம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டன் பணியாளர் கல்லூரிக்குப் போகும் வழியில், குன்னூர் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் மனைவியோடு உயிரிழந்தார். கோலாலம்பூர்த் தமிழர்களும் அன்று அந்தச் செய்தியைக் கண்கலங்கப் படித்தார்கள். முப்படைகளும் தனித்தனித் தளபதிகளின் கீழ் இயங்கிவந்த நாட்டில் அவற்றை ஒருங்கிணைக்கவும் அரசாங்கத்துக்கு ஒரே குரலில் ஆலோசனை சொல்லவும் உருவாக்கப்பட்ட பதவி அது.

அமெரிக்காவில் கூட்டுப்படைத் தலைவர்களின் தலைவர்தான் ஆக உயர்ந்த இராணுவ அதிகாரி. ஆனால் 1986ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் அதிபரின் தலைமை இராணுவ ஆலோசகர் மட்டுமே. படைகளுக்கு நேரடியாகக் கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. நம் நாடு பிரிட்டிஷ் வழியில் வந்தது. இங்கே தளபதி ஆலோசனையும் சொல்கிறார், படையையும் நடத்துகிறார். இரண்டும் ஒருவர் கையில் இருப்பதால் வேகம் கிடைக்கிறது. அதே காரணத்தால் அந்த ஒருவர் நேர்மையானவராக இருப்பது இருமடங்கு முக்கியமாகிறது.

உள்நாட்டவர் ஒருவர் எப்போது இந்தப் பதவிக்கு வந்தார்?

1964இல். மேலே சொன்ன ஜெனரல் துங்கு ஒஸ்மான்தான் முதலாமவர். அதற்கு முன் பிரிட்டிஷ் அதிகாரிகள் இருந்தார்கள். நீண்டகாலம் தரைப்படையினரே பதவியில் அமர்ந்தார்கள். 2005இல் அட்மிரல் முகமது அன்வார் கடற்படையிலிருந்தும், 2009இல் ஜெனரல் அஜிசான் அரிஃபின் ஆகாயப்படையிலிருந்தும் முதன்முறையாக வந்தார்கள்.

தமிழர் ஒருவர் அந்தப் பதவிக்கு வர முடியுமா?

சட்டத்தில் தடை இல்லை. ஆயுதப்படைத் தளபதிக்கு இனமோ மதமோ நிபந்தனையாக அரசியலமைப்பில் எழுதப்படவில்லை. கூட்டரசுச் சேவையில் ஒரே தரத்தில் இருப்பவர்களை இனபேதமின்றி நடத்த வேண்டும் என்று 136ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு விதிவிலக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மலாய் ரெஜிமென்டில் மலாய்க்காரர்களை மட்டுமே சேர்க்கலாம் என்பதை 8ஆம் பிரிவே அனுமதிக்கிறது. தரைப்படையின் முக்கியக் காலாட்படை அதுதான். ரேஞ்சர் ரெஜிமென்ட், பீரங்கிப் படை, பொறியியல், தொலைத்தொடர்பு, மருத்துவம், கடற்படை, ஆகாயப்படை எல்லாம் அனைவருக்கும் திறந்தவை. இதுவரை ஆயுதப்படைத் தளபதியாக இருந்த மலேசியர்கள் அனைவரும் மலாய்க்காரர்கள் என்பதும் உண்மை.

இந்த இடத்தில் ஒரு பெயரை ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்: டான் ஸ்ரீ கே. தனபாலசிங்கம். கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் படித்தவர். 1967 டிசம்பரில் அரச மலேசியக் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியானார். அப்போது அவருக்கு வயது 31. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஓர் ஆஸ்திரேலியர். 1976 வரை, ஒன்பது ஆண்டுகள், புதிய நாட்டின் கடற்படையை அவர் வளர்த்தெடுத்தார். நம் வீட்டு வரவேற்பறைகளில் டாக்டர்களின் பெயரும் வழக்கறிஞர்களின் பெயரும் அடிபடும் அளவுக்கு இந்தப் பெயர் அடிபடுவதில்லை. அது எனக்கு வருத்தம் தருகிறது. "அங்கே நமக்கு இடமில்லை" என்று விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன்பே பெற்றோர் முடிவு கட்டிவிட்டால், இடம் இருக்கிறதா இல்லையா என்பதைச் சோதித்துப் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

எத்தனை ஆண்டுகள் பதவியில் இருப்பார்?

அண்மைக் காலத்தில் பெரும்பாலோர் இரண்டு, மூன்று ஆண்டுகளே இருந்திருக்கிறார்கள். இது குறைவு என்பது என் கருத்து. ஒரு போர்க்கப்பலோ விமானமோ வாங்குவதற்கே பத்தாண்டு ஆகிறது. திட்டமிட்டவர் ஒருவர், ஒப்பந்தத்தைப் பார்ப்பவர் வேறொருவர், பொருள் வந்து சேரும்போது இருப்பவர் மூன்றாமவர் என்றால் பொறுப்பை யாரிடம் கேட்பது?

தளபதி வாக்களிக்கலாமா, கட்சியில் சேரலாமா?

வாக்களிக்கலாம். 2013 பொதுத்தேர்தல் முதல் இராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் முன்கூட்டியே வாக்களிக்கும் நாள் உண்டு. சேவையில் இருக்கும்வரை கட்சி அரசியல் கூடாது.

என் மகனுக்கு, மகளுக்கு ஆர்வம் இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்?

தளபதி பதவிக்கு நேரடி நுழைவு கிடையாது. இளம் அதிகாரியாக நுழைந்து கேப்டன், மேஜர், கர்னல் என்று ஒவ்வொரு படியாக ஏறி நான்கு நட்சத்திரத்தை அடைய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே முதல் படியைப் பற்றி மட்டும் யோசியுங்கள். சுங்கை பீசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் 2006 முதல் இயங்குகிறது. பட்டப்படிப்பும் இராணுவப் பயிற்சியும் அங்கே சேர்ந்தே கிடைக்கும். பள்ளிப் பருவத்திலேயே தொடங்க விரும்புவோருக்கு அரச இராணுவக் கல்லூரி இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற பொதுப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டே பாலாபெஸ் எனப்படும் சேமப்படை அதிகாரிப் பயிற்சியில் சேரலாம். மகள்களுக்கும் இதே வழிகள்தாம். முப்படைகளிலும் பெண் அதிகாரிகள் பணியாற்றுகிறார்கள்.

எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழி, வரலாறு, ஆங்கிலம், கணிதம் நான்கையும் நன்றாகச் செய்யச் சொல்லுங்கள். அறிவியல் பாடம் இருந்தால் கடற்படை, ஆகாயப்படையில் வாய்ப்பு கூடும். கண்பார்வை, உயரம், எடை ஆகியவற்றுக்கு நிபந்தனைகள் உண்டு. அவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் படைகளின் அதிகாரபூர்வ ஆள்சேர்ப்பு அறிவிப்பை நேரடியாகப் பாருங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று எதையும் நம்பிவிடாதீர்கள், இடைத்தரகர் யாருக்கும் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். உடற்பயிற்சித் தேர்வுக்கு ஓட்டம் முக்கியம். தித்திவங்சா ஏரிப் பூங்காவின் ஓட்டப்பாதை செந்தூலிலிருந்து பக்கம்தான். விண்ணப்பித்த பிறகு ஓடத் தொடங்கினால் காலம் போதாது, ஆறு மாதம் முன்பே தொடங்கச் சொல்லுங்கள்.